கேளுங்கள், கூறு கட்டித் தருகிறேன்

‘வசதியில்லாத பகுதிகளுக்குப் பச்சைக் காய்கறி போய்ச் சேர, பணத்தை எங்கே போடலாம்?’ என்று இரண்டு வாரம் முன்பு இந்தப் பக்கத்தில் ஒரு வரி கேட்டுவைத்தேன். கடிதங்கள் மூட்டையாக வந்திறங்கின. சொத்தை, அழுகல் கழித்துக் கூறு கட்டியது கீழே.

காய்கறி கிடைக்காத ஊர் என்று தமிழ்நாட்டில் ஒன்று உண்டா? சும்மா பயமுறுத்துகிறீர்களே!
*வாசகர், தாம்பரம்*

ஊர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தெருக்கள் உண்டு. சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடிவைத்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் வீடுகள். படிக்கட்டை எண்ணினார்கள், குழாயை எண்ணினார்கள், மின்மீட்டரை எண்ணினார்கள். மார்க்கெட்டை எண்ண மறந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருந்தவரை எட்டு வைத்தால் கடைத்தெரு. இங்கே நான் எட்டிப்பார்த்த பெட்டிக்கடைகளில் இருந்தவை வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, ஓரத்தில் நாலு சுருங்கிய தக்காளி. கெடாத காய்தான் அந்தத் தெருவுக்குத் துணிந்து வருகிறது. வெண்டை, கீரை, அவரை போன்ற அவசரக்காரர்கள் வருவதில்லை.

ரேஷன் கடைதான் இருக்கிறதே! அதில் கிடைக்காததா?
*வாசகி, விருத்தாசலம்*

அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் உண்டு. நாட்டில் வேறெங்கும் இவ்வளவு அகலமாகக் கதவு திறந்த ரேஷன் அரிது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பச்சையாக ஒன்றாவது இருக்கிறதா, பாருங்கள். வயிறு நிறைந்துவிட்டது, ரத்தம் ஊறவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்துப் பெண்களில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்தாண்டுக்கு முந்தைய கணக்கில் 55. இந்த வேகத்தில் போனால் பேத்தியின் பேத்தி கல்யாணத்துக்குக்கூடச் சரியாகாது.

அப்படியானால் ரேஷன் கடையிலேயே காய்கறியும் விற்றால் என்ன? ஒரே வரியில் முடிகிற வேலை.
*வாசகர், ஆற்காடு*

விற்றார்கள், ஐயா. 2023 ஜூலையில் தக்காளி சதம் அடித்தபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. விலை இறங்கியதும் தக்காளியும் கடையை விட்டு இறங்கிவிட்டது.

ஏன் நிலைக்கவில்லை என்கிறீர்களா? அரிசி மூட்டையைச் சனிக்கிழமை பூட்டினால் திங்கட்கிழமை அதே அரிசிதான் இருக்கும். தக்காளி அப்படியா? ‘சனிக்கிழமை 50 கிலோ, திங்கட்கிழமை 41 கிலோ, 9 கிலோ தண்ணீராய்ப் போச்சு’ என்று விற்பனையாளர் எந்தப் பேரேட்டில் எழுதுவார்? எழுதினால் தணிக்கைக்காரர் நம்புவாரா? தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிற ஆள் கீரைக்கட்டைத் தொடமாட்டார். முதலில் சேதாரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கட்டும். கடை தானாகத் திறக்கும்.

நான் 60 ரூபாய் கொடுத்து வாங்கும் தக்காளியில் விவசாயிக்கு எவ்வளவு?
*வாசகி, மயிலாப்பூர்*

20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத்தாள், வாங்குபவர் கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் விவசாயி கைக்குப் போவது தக்காளியில் 33, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்கிறது. மீதி எங்கே என்று உடனே கத்தியைத் தூக்காதீர்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன், அழுகல் எல்லாம் அதில்தான். கடைசியாக உங்கள் வாசலில் ‘தக்காளீ…’ என்று கூவுகிற அம்மாவின் கூலியும் அதில்தான். ‘இடைத்தரகர்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தொப்பையும் தங்கச்சங்கிலியும் நம் கண்ணில் வந்து நிற்கும். அந்த அம்மாவும் ஓர் இடைத்தரகர்தான்.

வாங்கி விற்கிற வியாபாரத்துக்கு எதற்கு நிதி? வாங்குகிறார், விற்கிறார், லாபம் பார்க்கிறார்!
*வாசகர், கோபிசெட்டிபாளையம்*

இந்தக் கேள்விக்காக ஓர் இரவு தூக்கத்தைத் தொலைத்தேன். பெரும்பாக்கத்தில் காய் விற்கும் ஓர் அக்காவோடு கோயம்பேட்டுக்குப் போனேன். பின்னிரவு 3 மணி. இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி பிடிக்கிறார்கள். ஆளுக்கு 250 ரூபாய்.

மார்க்கெட் வாசலில் ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். அக்கா பேர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. 2,700 ரூபாய் கைமாறியது. சாயங்காலம் 3,000 திருப்ப வேண்டும். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. உலகத்தின் மிக வேகமான வங்கி அதுதான். கிளையும் ஏசி இல்லாமல் பைக்கின் மேலேயே நடக்கிறது.

அக்கா முதலில் வாங்கியது தக்காளி. பெட்டியின் மேல்வரிசையைப் பார்த்து ஏமாறவில்லை, கையை உள்ளே விட்டு அடித்தக்காளியை அழுத்திப் பார்த்தார். அப்புறம் கத்தரி, வெண்டை, முருங்கை, கடைசியாக நாற்பது கட்டுக் கீரை. கீரைமேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டுத் தான் காற்றில் உட்கார்ந்து வந்தார். குடியிருப்புக்கு வந்து சேர 6 மணி தாண்டிவிட்டது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் அதற்குள் பஸ் ஏறிப் போயாயிற்று. காலை வியாபாரம் பாதிதான். 11 மணி வெயிலில் வெண்டை முற்றுகிற சத்தம் எனக்கே கேட்டது. சாயங்காலம் அந்தப் பெண்கள் திரும்பியபிறகு, மிச்சத்தைக் கூறு கட்டி 20 ரூபாய், 10 ரூபாய் என்று தள்ளினார். ஏழரைக்குப் பைக் வந்தது.

கணக்கு முடிந்தபோது அக்காவுக்கு நின்றது 340 ரூபாய். பைக்குக்கு 300. ஒருவர் பதினாறு மணி நேரம் மூட்டை தூக்கினார், இன்னொருவர் ஸ்டாண்டுகூடப் போடவில்லை. “மழ வந்தா மிச்சக் கீரைய நான் திம்பேன் சார், வட்டிய யார் திம்பா?” என்று கேட்டார். கோபி வாசகரே, உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

கந்துவட்டியை ஒழிப்பது எப்படி?
*வாசகர், திருமங்கலம்*

பைக்குக்காரரைவிட முன்னால் எழுந்திருக்கிற வங்கி ஒன்றைக் கண்டுபிடித்து. 10,000 ரூபாய்க்கு வங்கி ஆண்டுக்கு 12 சதவீதம் வாங்கினால் மாத வட்டி 100 ரூபாய். கோயம்பேட்டு வாசலில் 900 ரூபாய்க்கு ஒரு பகல் வட்டி 100 ரூபாய். வித்தியாசம் அந்த அக்காவுக்கும் தெரியும். ஆனால் வங்கி காலை 10 மணிக்குத்தான் திறக்கிறது.

எங்கள் தெருக் கடைக்காரர் கொத்தமல்லி, கறிவேப்பிலை கொசுறு தருவதை நிறுத்திவிட்டார். இது நியாயமா?
*வாசகி, கும்பகோணம்*

நாகரிகம் அழிவதன் முதல் அறிகுறி. கண்டனத் தீர்மானத்தில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் நீங்கள் கொசுறு கேட்டதுண்டா? தள்ளுவண்டியில்தானே கேட்கிறோம்!

ஒவ்வொரு பகுதியிலும் குளிர்பதனக் கிடங்கு கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார் எங்கள் கவுன்சிலர்.
*வாசகர், ராணிப்பேட்டை*

கட்டடம் என்றால் கல்வெட்டு வைக்கலாம், அவர் ஆசை புரிகிறது. உருளைக்கிழங்குக்கும் ஆப்பிளுக்கும் குளிர் சுகம். பழுக்காத தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால், வெளியே எடுத்தபிறகு ஒழுங்காகப் பழுக்காது. கத்தரிக்காய் குழிவிழுந்து கறுக்கும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே தோல் கருகும். நம்மூர்க் காய்களில் பாதி நம்மைப் போலத்தான், ஊட்டிக்குப் போனால் நாலாம் நாள் ஜலதோஷம்.

டில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களிலேயே ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஆற்றுமணல், மணலில் தினமும் இரண்டு வேளை தண்ணீர், மேலே கூரை. மின்சாரமே வேண்டாம். சுமார் 100 கிலோ பிடிக்கும். வறண்ட கோடையில் வெளிவெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும். உங்கள் ராணிப்பேட்டை வெயிலுக்குப் பொருத்தம். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு எடுபடாது, ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாக மறுக்கும். இரண்டு நாளில் விற்றுத்தீர வேண்டிய காய்க்குக் கிடங்கைவிட நிழலும் ஈரச்சாக்கும் பிளாஸ்டிக் பெட்டியும் போதும். மூட்டையில் அமுங்கிச் சாகிற தக்காளியும் கொஞ்சமில்லை.

நம் நாட்டில் காய்கறியில் 40 சதவீதம் வீணாகிறதாமே? நெஞ்சு பதறுகிறது.
*வாசகி, காரைக்குடி*

பதறாதீர்கள், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அந்த 40 மேடைக்கு மேடை தாவி வயசான எண். அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. நபார்டின் ஆலோசனை நிறுவனம் 2022இல் தந்த கணக்கில், அறுவடைக்குப் பின் காய்கறி இழப்பு, காயைப் பொறுத்து, சுமார் 5 முதல் 12 சதவீதம். பழத்தில் 6 முதல் 15. இதுவும் கொஞ்சமில்லை. ஆனால் 40 என்று சொன்னால்தான் பெரிய கிடங்குக்குப் பெரிய கடன் கிடைக்கும். 12 என்று சொன்னால், ‘அப்போ பெட்டி வாங்கிக்கோ’ என்று சொல்லிவிடுவார்களே!

உழவர் சந்தையைப் பற்றி உங்கள் நேர்மையான கருத்து?
*வாசகர், மதுரை*

மதுரைக்காரர் கேட்டால் பொய் சொல்ல முடியாது, பிறந்ததே உங்கள் அண்ணா நகரில்தான். 1999 நவம்பர் 14, முதல்வர் கருணாநிதி திறந்தார். அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திரத்தில் ‘ரைத்து பஜார்’ வந்திருந்தது. பஞ்சாபின் ‘அப்னி மண்டி’ 1987. ஆக, யோசனை இரவல். ஆனால் தைத்த சட்டை நம் அளவுக்கு நன்றாகவே பொருந்தியது.

என்னைக் கவர்ந்தது அதன் விலைக்கணக்கு. மண்டி விலைக்கு மேல் 20 சதவீதம், வெளிச் சில்லறை விலைக்குக் கீழ் 15 சதவீதம். மண்டியில் 40, வெளிக்கடையில் 60 என்றால், சந்தையில் 48க்கும் 51க்கும் நடுவில் பலகையில் எழுதுவார்கள். விவசாயிக்குக் குறைந்தது 8 ரூபாய் கூடுதல், உங்களுக்குக் குறைந்தது 9 ரூபாய் மிச்சம். வாடகை கிடையாது, தராசு இலவசம், படம் ஒட்டிய அடையாள அட்டை. இதைவிடச் சிக்கனமான நிதியுதவியை நான் பார்த்ததில்லை. கையில் பணமே கொடுக்காமல் இரண்டு பக்கமும் பணம் மிச்சப்படுத்திய திட்டம். 2001இல் ஆட்சி மாறியதும் வாடவிட்டார்கள், 2006இல் மறுபடி தண்ணீர் தெளித்தார்கள். காய்கறிக்குக் கட்சி உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

குறையும் சொல்கிறேன். வியாபாரி சிலர் அட்டை வாங்கி விவசாயி ஆகிவிடுகிறார்கள். அவர்கள் கையில் மண் ஒட்டியிருக்காது, நகம் பார்த்தால் தெரியும். அதைவிடப் பெரிய குறை நேரம். நல்ல காய் எல்லாம் காலை 8 மணிக்குள் நடைப்பயிற்சிக்காரர்கள் பையில் போய்விடுகிறது. அந்த நேரத்தில் சித்தாள் வேலைக்குப் போகிற பெண் சாரம் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சந்தை மாலை 6 மணிக்கு வேண்டும். அவளுடைய பொழுதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்ப ஒரு பைசா நிதி தேவையில்லை.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே காய்கறி வரும் காலத்தில் தள்ளுவண்டிக்குக் கவலைப்படலாமா?
*வாசகர், பெங்களூரு*

பத்து நிமிடப் பையன் 10 ரூபாய்க்கு ஒரு கூறு தருவானா, கேட்டுச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களாமே? என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான், அவன் சொன்னான்.
*வாசகி, நாகர்கோவில்*

மகன் சொன்னது சரி. கொட்டியதில் கற்றதும் உண்டு, கவிழ்த்ததும் உண்டு. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா 2004இல் 3 கோடி டாலர் எடுத்துவைத்து, காய்கறிக் கடை இல்லாத பகுதிகளில் கடை திறக்கக் கடனும் மானியமும் கொடுத்தது. 88 கடைகளுக்கு உதவினார்கள், நாடே அதைப் பார்த்துக் காப்பியடித்தது. பிறகு பிலடெல்பியாவில் புதுக்கடை வந்த ஒரு பேட்டையை ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். கடை வந்தது மக்களுக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் காய் கிடைக்கிறது என்றும் சொல்கிறார்கள். தட்டில் மட்டும் காய் கூடவில்லை! பர்ஸ் பழைய பர்ஸ்தானே.

இன்னொரு வழி 2009இல் டெட்ராய்ட்டில் தொடங்கியது. ஏழைகளுக்கு அரசு தரும் உணவு அட்டையில் ஒரு டாலருக்கு உள்ளூர் விவசாயியிடம் காய் வாங்கினால், இன்னொரு டாலர் காய் இலவசம். கடைக்காரருக்குக் கொடுக்காமல் வாங்குபவர் கையில் கொடுத்தார்கள். விவசாயிக்கும் வியாபாரம், வீட்டுக்கும் காய். எனக்கு இதுதான் பிடித்தது.

கவிழ்த்ததையும் கேளுங்கள். பள்ளிகளும் உணவு வங்கிகளும் உள்ளூர் விவசாயிகளிடம் வாங்க ஒதுக்கிய சுமார் 100 கோடி டாலரை 2025 மார்ச்சில் அவர்களுடைய வேளாண்துறை ரத்து செய்தது. நம்பி விதைத்தவர்கள் நடுவயலில் நின்றார்கள். ஆட்சி மாறினால் காய் வாடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை என்று மகனிடம் சொல்லுங்கள்.

பணமே செலவழிக்காமல் சாதித்தவர்கள் உலகத்தில் யாராவது உண்டா?
*வாசகர், சிவகாசி*

அறவே செலவழிக்காமல் இல்லை, ஆனால் கெட்டிக்காரத்தனமாகச் செலவழித்த ஊர் உண்டு. பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி. 1993 முதல் நடக்கிறது. நகர நிர்வாகம் ஜனநெரிசலான நல்ல இடங்களைக் காய்கறி வியாபாரிகளுக்குக் கொடுத்தது, குறிப்பிட்ட காய்களை நிர்ணயித்த விலையில் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கூடவே இன்னொரு நிபந்தனை: வாரக்கடைசியில் வண்டியை ஏழைகள் குடியிருப்புக்கு ஓட்டிப்போய் அங்கேயும் விற்க வேண்டும். நல்ல இடத்தின் லாபம் எட்டாத இடத்துக்கு வண்டிக்கூலி ஆயிற்று. இந்த உணவுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நகரத்தின் பட்ஜெட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே செலவு.

நம் மாநகராட்சிகளிடம் பஸ் நிலையக் கடைகள் எத்தனை இருக்கின்றன! ஏலத்தில் அதிக வாடகை கேட்டவருக்குத்தான் கடை. ‘வாரம் இரண்டு நாள் கண்ணகி நகருக்கு வண்டி அனுப்புவேன்’ என்று எழுதிக்கொடுப்பவருக்கு வாடகையில் கொஞ்சம் தள்ளுபடி என்று ஒரு வரி சேர்க்கக்கூடாதா?

சத்துணவு, காலை உணவு என்று இவ்வளவு சமைக்கிறோமே, அதை வைத்து விவசாயிக்கு ஏதும் செய்ய முடியாதா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவாரூர்*

டீச்சர், இந்த வாரத்தின் முதல் மதிப்பெண் உங்களுக்கு. வியாபாரத்தில் கடனைவிடப் பெரிய உதவி, தினமும் தவறாமல் வாங்குகிற ஆள். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள். காலை உணவுக்குச் சாம்பார் உண்டு, சாம்பாருக்குக் காய் கட்டாயம். பிரேசிலில் 2009இல் சட்டமே போட்டார்கள், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்க வேண்டும் என்று. உங்கள் ஒன்றியத்தில் நாலு பள்ளிக்கு வேண்டிய பூசணியும் முருங்கைக்கீரையும் பக்கத்து ஊர் மகளிர் குழு தருமென்றால், அந்தக் குழுவுக்குக் கடன்கொடுக்க வங்கியே வாசலுக்கு வரும். முருங்கைமரம் ஏறிப் பறிக்கப் பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

நாங்கள் 300 பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம் என்றிருக்கிறோம். நிதி கிடைக்குமா?
*விவசாயி, ஒட்டன்சத்திரம்*

கிடைக்கலாம். மத்திய அரசின் 2020 திட்டப்படி சமவெளியில் குறைந்தது 300 பேர், நீங்கள் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறீர்கள். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டில் 18 லட்சம் வரை, பங்குத்தொகைக்கு ஈடாக உறுப்பினருக்கு 2,000 வீதம் 15 லட்சம் வரை. கிட்டங்கி, தரம்பிரிக்கும் கூடம் கட்டினால் வேளாண் கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரைக்கான கடனுக்கு 3 சதவீத வட்டிச்சலுகை, ஏழாண்டுக்கு. இரண்டிலும் புது விண்ணப்பம் இன்னும் வாங்குகிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அண்ணே, உங்கள் ஊர்க் காய் விடிவதற்குள் கேரளத்துக்கு லாரி ஏறிவிடும். அந்த லாரியில் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக் கூலிக் குடியிருப்புக்குப் பத்துப் பெட்டி இறங்குமா? பெரிய மண்டியோடு மோதுவதைவிட, எட்டாத தெருவுக்கு எட்டுகிற வண்டி ஒன்று விட்டுப் பாருங்கள். போட்டிக்கு ஆளே இருக்காது.

எங்கள் நிறுவனத்தில் சமூகப் பொறுப்பு நிதி 10 லட்சம் மிச்சம் இருக்கிறது. மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டும். கையோடு சொல்லுங்கள்.
*மேலாளர், ஸ்ரீபெரும்புதூர்*

மார்ச் மாதம் நெருங்கினால்தான் இந்நாட்டில் கருணை சுரக்கிறது. பரவாயில்லை, சுரக்கட்டும். ‘நவீனக் காய்கறி வளாகம்’ கட்டாதீர்கள். திறப்புவிழா முடிந்து மூன்றாம் மாதம் அதில் நாய் படுத்திருக்கும். அப்படிப் படுத்திருந்த ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். மூன்று குட்டிகளோடு, சௌகரியமாக.

இருபது பெண்களுக்குத் தலைக்கு 10,000 சுழல்நிதி, இரண்டு லட்சம். வட்டியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு குட்டியானை, மாத வாடகை 30,000 என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3,60,000. விடிகாலை கோயம்பேட்டிலிருந்து ஒரு நடை, பிற்பகல் பக்கத்துக் கிராமத்துக் கீரைக்காரரிடமிருந்து ஒரு நடை. இந்த இரண்டாம் நடை முக்கியம், வேலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு வாடாத கீரை அதில்தான் வரும். மீதி 4,40,000 இருக்கிறது. பெட்டிக்கும் நிழற்குடைக்கும் கொஞ்சம். முதல் ஆறு மாதம் விற்காமல் அழுகியதில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக ஒரு வாக்கு. அந்த வாக்கு இருந்தால்தான் அக்காமார்கள் துணிந்து அவரைக்காய் வாங்குவார்கள், இல்லையென்றால் மறுபடி உருளைக்கிழங்குதான். மிச்சத்தில் அந்தக் குடியிருப்பின் கர்ப்பிணிகளுக்கு, 20 ரூபாய்க்கு வாங்கினால் இன்னொரு 20 ரூபாய்க் காய் என்று டோக்கன்.

போட்டோ எடுக்கக் கட்டடம் இல்லையே என்று உங்கள் இயக்குநர் வருந்தினால், குட்டியானை மேல் பேர் எழுதிக்கொள்ளட்டும்.

நிதி எல்லாம் சரி. வண்டியை நிறுத்தவே விடமாட்டேன் என்கிறார்கள், தராசைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதற்கு என்ன வழி?
*தள்ளுவண்டி வியாபாரி, திருப்பூர்*

தம்பி, இதுதான் முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டும், என் தப்பு. நிற்க இடமில்லாதவனுக்குக் கடன் கொடுத்தால் ஓடிக்கொண்டே வட்டி கட்டுவான். 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்று தராமல் யாரையும் விரட்டக்கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் உங்களைப் போன்ற வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பொருளைப் பறித்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருள் என்றால் கட்டணம் கட்டிக் கேட்ட அன்றைக்கே திருப்ப வேண்டும். அடுத்தமுறை தராசைத் தூக்குபவரிடம் “பட்டியல் குடுங்க சார்” என்று மரியாதையாகக் கேளுங்கள். சத்தம் போடாமல் கேட்டால் சட்டம் தெரிந்தவன் என்று நினைப்பார்கள்.

நியூயார்க்கில் 2008இல், காய்கறி குறைவாகக் கிடைக்கும் பேட்டைகளுக்கென்றே 1,000 தள்ளுவண்டி உரிமம் ஒதுக்கினார்கள். பச்சைக் காயும் பழமும் மட்டும் விற்க வேண்டும், சொன்ன பேட்டையில்தான் நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அங்கே வண்டியை அழைத்து நிறுத்தினார்கள்.

நீங்கள் வீட்டுக்குக் காய்கறி எங்கே வாங்குகிறீர்கள்? உண்மையைச் சொல்லவும்.
*வாசகி, தஞ்சாவூர்*

வாசலில். பேரம் பேசுவது என் மனைவியின் துறை, பை பிடிப்பது என் துறை.

எங்கள் தெருவில் கீரை விற்கும் பாட்டிக்கு அரசுக் கடன் வாங்கித்தர நினைக்கிறேன். எங்கே போவது, என்ன வேண்டும்?
*கல்லூரி மாணவி, பெரம்பூர்*

நல்லா இரும்மா. ‘பி.எம். ஸ்வநிதி’ என்று கேள். 2020இல் கொரோனா முடக்கத்தில் முதல்கடன் 10,000 ரூபாய் என்று வந்தது. 2025 ஆகஸ்டில் அதை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, அதற்கடுத்து 50,000. அடமானம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்கில் திரும்பும்.

வேண்டியது மாநகராட்சி தந்த வியாபாரச் சான்று அல்லது அடையாள அட்டை. அது இல்லையென்றால் மாநகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு மனுப் போடலாம். பெரும்பாலான பாட்டிகள் இங்கேதான் திரும்பிவிடுகிறார்கள், நீ திரும்பாதே. ஆதாரோடு செல்பேசி எண் இணைந்திருக்க வேண்டும். பாட்டியின் எண் பேரனுடையதாக இருக்கும், அதை முதலில் பார். வங்கிக் கணக்குப் புத்தகம். பக்கத்துப் பொதுச் சேவை மையத்திலோ வங்கியிலோ விண்ணப்பிக்கலாம். பாட்டியைக் காலையில் கூட்டிப்போகாதே, அன்றைய கீரை போய்விடும். பிற்பகல் 2 மணிக்குப் போங்கள். கடன் வழங்கும் காலம் 2030 மார்ச் 31 வரை இருக்கிறது. கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுது.